கம்ப்யூட்டருக்கு வச்ச பொட்டு

கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துல கலைச்செல்வின்னு ஒரு புள்ள. தோட்டத்து ஆளுங்க வரிசையாக் குடியிருக்கிற லயத்துல பொறந்து, அதே லயத்துல ஒரு பழைய கம்ப்யூட்டர வச்சுக்கிட்டுத் தானாவே புரோகிராம் எழுதப் படிச்சவ. கெட்டிக்காரிதான், அதுல சந்தேகமில்ல. ஆனா கெட்டிக்காரங்களுக்குன்னு ஒரு வியாதி இருக்கே, ஏதும் தப்பு நடந்தா அது அடுத்தவங்க செஞ்சதாத்தான் இருக்கணும்ங்கிறது, அது இவளுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

போன வருஷம் கொழும்புல ஒரு கம்பெனி இவள வேலைக்குக் கூப்பிட்டுச்சு. வீட்டுலருந்தே செய்யிற வேல. அதுக்கு முன்னால ஒரு பரீட்சை. கம்பெனி மேனேஜர் சேர் அங்கருந்து பாத்துக்கிட்டு இருப்பாரு, இவ தன்னோட கம்ப்யூட்டர்லயே புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்டணும். அந்த நாள் பாத்துச் சரஸ்வதி பூசையும் வந்து விழுந்துச்சு.

இவ அப்பா செல்லையா ரப்பர் மரத்துல பால் வெட்டுறவரு. பூசை அன்னைக்கு வெட்டுக்கத்தி, மம்பட்டி, அம்மா ஜெயம்மாவோட தையல் மெஷின் எல்லாத்தையும் தொடச்சுச் சந்தனம் வச்சு, சாமி படத்துக்கு முன்னால அடுக்கிருவாரு. மறுநாள் வரைக்கும் அதுகளுக்கு லீவு. யாரும் தொடக் கூடாது. கம்ப்யூட்டர் வந்ததுலருந்து அதுக்கும் அதே சட்டம்தான்.

"அப்பா, இந்தத் தடவ கம்ப்யூட்டர விட்டுருங்க. எனக்கு மத்தியானம் பரீட்சை இருக்கு."

செல்லையா தாடையச் சொறிஞ்சாரு. இத்தனை வருஷமா மாத்தாத வழக்கம். "சரிம்மா. சாமிக்குத் தெரியாதா என்ன? நீ வேலயப் பாரு. நான் ஒரு பொட்டு மட்டும் வச்சிட்டுப் போயிர்றேன்."

கம்பெனிக்காரங்க ஒன்னு கண்டிப்பாச் சொல்லியிருந்தாங்க, கம்பைலர் புதுசா இருக்கணும்னு. நாம எழுதுறத மெஷின் ஓட்டுற மாதிரி மாத்திக் குடுக்கிறது அதுதான். அது இல்லேன்னா எழுதினது வெறும் எழுத்து. கலையும் கிழமை முழுக்க, ஏழு நாளும், 'பெறகு பாப்போம், பெறகு பாப்போம்'னு இழுத்தடிச்சு, பரீட்சை அன்னைக்குக் காலையிலதான் உக்காந்தா. டிஸ்க்ல எடம் பத்தாதுன்னு பழைய கம்பைலர அழிச்சா. சிக்னல் கெடைக்கிற ஒரே எடம் ஜன்னல் கம்பி. அதுல போனக் கட்டித் தொங்கவிட்டு, புதுசு எறங்கட்டும்னு விட்டா.

அந்நேரம் திரையில ஒரு பெட்டி மொளைச்சுச்சு. மெஷினுக்கு வேற ஏதோ அப்டேட்டாம், ஒருக்கா அணைஞ்சு எழும்பணுமாம், எத்தன மணிக்குன்னு கேட்டுச்சு. அதுக்குள்ள கம்பைலர் எறங்கிரும்ங்கிற நெனப்புல, இவ பத்து மணின்னு குறிச்சுக் குடுத்துப் பெட்டிய மூடினா. மூடினவ அதோட மறந்தும் போனா.

பூசை முடிஞ்சு, லயத்து ஆளுங்க அவல் வாங்க வாசல்ல கூடிட்டாங்க. கலை பங்கு போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தா. செல்லையா சந்தனக் கிண்ணத்தோட கம்ப்யூட்டர்கிட்ட போனாரு. அதுல நெத்தின்னு எதச் சொல்றது? முன்பக்கத்துல இருக்கிற பொத்தான்தான் அவருக்கு நெத்தியாத் தெரிஞ்சுச்சு. பட்டும் படாம வெரல வச்சாரு. திரை இருண்டு போச்சு.

"கலை, இங்க வாம்மா. இது அணைஞ்சிருச்சு."

கலை ஓடி வந்தா. பொத்தான்ல ஈரச் சந்தனத்தப் பாத்தா. அவ்வளவுதான்.

"யாருப்பா உங்கள அதத் தொடச் சொன்னா? பால் வெட்டுற கையக் கொண்டாந்து எல்லாத்துலயும் வைக்கணுமா? உங்களால என் வாழ்க்கையே போச்சு."

வாசல்ல நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. ஜெயம்மா தட்டோட அப்படியே நின்னா. செல்லையா கைய வேட்டியில தொடச்சாரு. சந்தனம் போன பெறகும் தொடச்சுக்கிட்டே இருந்தாரு.

அப்ப, யாரும் தொடாமலே கம்ப்யூட்டர்ல லைட் எரிஞ்சுச்சு. தானா எழும்பி, அப்டேட் நடக்குதுன்னு திரையில காட்டுச்சு. பொத்தான அமுக்கி அணைஞ்சிருந்தா, மறுபடி யாராச்சும் அமுக்காம அது எழும்பாது. கலை சுவர்க் கடிகாரத்தப் பாத்தா. பத்து மணி தாண்டியிருந்துச்சு. அவளே குறிச்சுக் குடுத்த நேரம்.

'நாந்தாம்ப்பா'ன்னு ஒரு வார்த்தை அப்பவே சொல்லியிருக்கலாம். லயமே பாத்துக்கிட்டு நிக்கையில அவ சொல்லல. நெல்லக் கொட்டினா அள்ளலாம், சொல்லக் கொட்டினா அள்ள முடியுமா? இவ அள்ளப் பாக்கவும் இல்ல.

பழைய கம்பைலர் போயாச்சு, புதுசு பாதியில நின்னாச்சு. இருக்கிற சிக்னலுக்கு அது மொதல்லருந்து எறங்க மத்தியானம் பத்தாது. போன அவுத்து, ஜன்னல் ஓரமாவே நின்னு சேருக்குக் கோல் எடுத்தா. என்ன நடந்துச்சுன்னு அவரு கேட்டாரு. "அப்பா கம்ப்யூட்டர நிப்பாட்டிட்டாரு சேர்"னு சிங்களத்துல சொன்னா. பொய்யின்னு தெரிஞ்சே சொன்னா.

செல்லையாவுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. போனுக்குக் கைய நீட்டினாரு. தோள்ல கெடந்த துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு, தோட்டத்துத் தொரைக்கு முன்னால நிக்கிற மாதிரி நின்னாரு.

"மகே வரத்த மஹத்தயா. துவட்ட தொஸ் கியன்ன எபா."

தப்பு என்னோடதுங்க ஐயா, புள்ளையக் குத்தம் சொல்லாதீங்கன்னு, மொகந்தெரியாத ஒரு மனுசன்கிட்ட கெஞ்சினாரு. அந்தச் சேருக்கு மனசு எளகிருச்சு. பரீட்சைய அடுத்த கிழமைக்கு மாத்திக் குடுத்தாரு. கலை கம்பைலர ஒழுங்காப் போட்டு, பரீட்சையும் எழுதி, வேலையும் கெடச்சிருச்சு.

லயத்துல கேலிக்குக் கேக்கணுமா? "செல்லையாண்ணே கை பட்டா மெஷினே மயங்கி விழுந்துருமே"ன்னுவாங்க. அவரும் சேந்து சிரிப்பாரு. ஆனா அதுக்குப் பெறகு அவரு அந்த மேசைப் பக்கமே போகல. கலைக்குத் தேத்தண்ணி கொண்டாந்தா, எட்டியே நின்னு தரையில வச்சிட்டுப் போவாரு. குனிஞ்சு அத எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அவள வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. வேல செய்யிறதுக்கு வெக்கம், அப்பா மொகத்தப் பாக்க வெக்கம். சொல்லிரலாம்னு வாயத் தொறப்பா, பெறகு மூடிக்குவா.

இந்த வருஷமும் பூசை வந்துச்சு. வாசல்ல ஆளுங்க கூட ஆரம்பிச்சிட்டாங்க. செல்லையா கத்திக்கு வச்சாரு, மம்பட்டிக்கு வச்சாரு, தையல் மெஷினுக்கு வச்சாரு. கம்ப்யூட்டர மட்டும் சுத்திக்கிட்டுப் போனாரு.

"அப்பா, இதுக்கும் வைங்க."

"வேணாம்மா. என் கை சரியில்ல."

கலைக்கு அதுக்கு மேல தாங்கல. "உங்க கை இல்லப்பா. அது அணையிறதுக்கு நாந்தான் நேரம் குறிச்சிருந்தேன். அன்னைக்கே தெரியும். எல்லாரும் நின்னாங்க, வெக்கமாப் போச்சு. சொல்லாம விட்டுட்டேன்." அழுதுட்டா.

செல்லையா மொதல்ல வாசலத்தான் பாத்தாரு. போயி கதவச் சாத்திட்டு வந்து, கொரலத் தாழ்த்தினாரு.

"மெதுவாப் பேசு. ஆளுங்க காதுல விழப் போகுது. அந்த மஹத்தயாவுக்குத் தெரிஞ்சா ஒன்னையப் பத்தி என்ன நெனப்பாரு? நான் நிப்பாட்டினதாவே இருந்துட்டுப் போகட்டும்."

கலை அவரு கையப் பிடிச்சு, ஓடிக்கிட்டு இருந்த கம்ப்யூட்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனா. அவரு வெரலச் சந்தனத்துல தொட்டாரு. பொத்தான் வரைக்கும் கொண்டு போயி நிறுத்திட்டாரு.

"மொதல்ல நீ அத அணைச்சிரும்மா"ன்னாரு.