தம்பி என்று சொன்ன குழந்தை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் மெர்லிமாவ் புனிதா இன்றைக்கும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வாள்.

1997 செப்டம்பர், செவ்வாய்க்கிழமை. காலை 10.40. ஊரெல்லாம் காட்டுத்தீப் புகைமூட்டம். தெங்கேராவில் ஒரு கிளினிக். ஜன்னல்களைச் சாத்தி ஃபேனை ஓடவிட்டிருந்தார்கள். புனிதாவுக்கு ஐந்தாம் மாதம். மாமியார் குஞ்சம்மாவோடு ஸ்கேனுக்குக் காத்திருந்தாள்.

மூத்தவள் ஜெயா. அடுத்ததும் பெண்தான் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கிளினிக்கில் தெரிந்தது. கலைத்தாயிற்று.

"இதுவும் பொட்டப்புள்ளன்னா அதே வழிதான். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் குஞ்சம்மா.

கிழவியின் பையில் மாற்றுக் கைலியும் துண்டும் இருந்ததைப் புனிதா பஸ்ஸிலேயே பார்த்துவிட்டாள். ஸ்கேன் எடுக்க மாற்றுத்துணி எதற்கு? டாக்டரிடம் முன்னாலேயே பேசி முடித்துவிட்டாளோ?

அப்போதுதான் எதிர் பெஞ்சில் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். எப்போது வந்தது? இவர்கள் நுழைந்த பிறகு கதவு மணி அடிக்கவே இல்லையே…

பெண் குழந்தை. மூன்று வயசு நிரம்பியிருக்காது. வெறுங்கால்.

"பாரு, பொறந்த முடி! மொட்டையும் போடல, காதும் குத்தல. என்ன ஆத்தாளோ!" என்றாள் குஞ்சம்மா. "ஏ குட்டி, பேரு என்ன?"

"இன்னும் வைக்கல."

குஞ்சம்மா சிரித்தாள். புனிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபேன் கடகடவென்று சுற்றியது. காலண்டர் தாள் படபடத்தது. குழந்தையின் முடி மட்டும் அசையவில்லை.

பச்சைப்பிள்ளை வாக்கு பலிக்கும் என்பது தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் பெண்களின் நம்பிக்கை. மெஷின் தப்பலாம், மழலை தப்பாது. குஞ்சம்மா குனிந்தாள்.

"கண்ணு, இந்த அக்கா வயித்துல என்ன இருக்கு? தம்பியா, பாப்பாவா?"

குழந்தை வயிற்றைப் பார்த்தது. பிறகு புனிதாவின் முகத்தை…

ரொம்ப நேரம்.

"தம்பி."

மணி 10.52.

"அப்புறம் என்னலா! ஸ்கேனும் வேணாம், ஒண்ணும் வேணாம். எந்திரி, பஸ்ஸு போயிரும்."

வாசலில் புனிதா திரும்பிப் பார்த்தாள்.

பெஞ்சு காலி.

ஜனவரியில் பிறந்தது பெண்.

"பொய் சொல்லிருச்சே அந்தக் குட்டி!" குஞ்சம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என்ன அடித்து என்ன? பிள்ளை மடியில் கிடந்து பால் குடித்தது.

தடுப்பூசி போட புனிதா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அதே கிளினிக்குக்குத் தனியாக வந்தாள். கவுண்டரில் அன்றைக்கு இருந்த அதே நர்ஸ் மிஸ்ஸி, செசிலியா.

"மிஸ்ஸி, அன்னிக்கு ஸ்கேன் எடுக்காமப் போனோமே… அந்த பெஞ்சில ஒரு பொண்ணு இருந்துச்சு. யாரு புள்ள?"

செசிலியா நிமிர்ந்தாள்.

"என்ன கேக்கறீங்க? உங்க புள்ளதானே? வரும்போதே உங்க சேலையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்துச்சு."

புனிதா அந்த பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

"போகும்போது…?"

"போகும்போதும்தான்."