நீலத்துக்கு மூன்று நாள்

நீலக்கல்லைப் பற்றி ஆவுடைநாயகம் அண்ணாச்சிக்குத் தெரிந்த அளவு நெல்லை டவுனில் வேறு யாருக்கும் தெரியாது. ரத வீதியில் என் பாத்திரக்கடைக்கு அடுத்த ராசிக்கல் கடை அவருடையது. கல்லால் கண்ணாடியைக் கீறிக் காட்டுவார். பிறகு லென்ஸைக் கையில் கொடுப்பார்.

"உள்ள நூலும் புள்ளியும் ஓடுதா? அப்பந்தான்வே மண்ணுல வெளைஞ்சது. சுத்தமா இருந்தா உலையில செஞ்சது."

இவ்வளவும் நிஜம். அதோடு நிறுத்த மாட்டார்.

"இது சனி பகவான் கல்லு. எல்லாருக்கும் ஒத்துக்கிடாது. மூணு நாள் கையில கெட்டிப் பாரும். உடம்புக்கு எதும் வந்தா ஒடனே கழத்திரும், சரியாயிரும்."

இதில் அவருக்கே நம்பிக்கை கிடையாது. அப்படிச் சொன்னால்தான் கல்லுக்கு மரியாதை என்று என்னிடம் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. ஆனால் முப்பது வருடமாக நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

போன மாசியில் முக்கூடல் கொம்பையா வந்தார். இரண்டு வருடமாக அவர் வாழையைக் காற்று சாய்த்திருந்தது. ஏழரைச் சனி என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை காலை கல்லைக் கட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை மத்தியானம் அவர் மனைவி பாக்கியவதி மட்டும் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"கல்லு ஒத்துக்கிடல அண்ணாச்சி. விடிஞ்சதுலேருந்து நெஞ்சை அடைக்குன்னாவ, எடது கை கடுக்குன்னாவ. கழத்திட்டோம்."

அண்ணாச்சி முகம் வெளுத்துப்போனது. "ஆஸ்பத்திரிக்குப் போனியளா தாயி?"

"எதுக்கு? கல்லைத்தான் கழத்தியாச்சுல்லா. வீட்ல படுத்திருக்காவ."

நான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டு இருவரையும் என் வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கொம்பையாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அண்ணாச்சி விடாமல் திரும்பத் திரும்ப அடித்தார். "எடும்வே, எடும்வே" என்று போனிடம் கெஞ்சினார். அத்தனை கோபத்திலும் அவரைத் திட்ட வாய் வரவில்லை.

முக்கூடலில் ஆம்புலன்ஸ் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றது. அதில் வந்தவர்கள் அவசரமே இல்லாமல் பையை மூடிக்கொண்டிருந்தார்கள்.

பாக்கியவதி போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அண்ணாச்சி அவர் முன்னால் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் சொன்னது பொய் தாயி. கல்லு நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. நெஞ்சுவலின்னதும் தூக்கிட்டு ஓடியிருக்கணும். என்னாலதான் ஓடாம இருந்துட்டிய."

பாக்கியவதி அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"நீங்க ஏன் அண்ணாச்சி அழுவுதிய? நீங்க சரியாத்தான் சொன்னிய. நாங்கதான் கழத்த நேரமாக்கிட்டோம்."