கரண்ட் போன நேரத்து நாடகம்

நான் வேலைக்குச் சேரப் போன காலையில், தலைமையாசிரியர் ஒரு பையனை விரல் முட்டியில் அடித்துக்கொண்டிருந்தார். அடியை நிறுத்தாமலே இடது கையை நீட்டி என் பணி ஆணையை வாங்கினார். “உட்காருங்கம்மா, இவனை முடிச்சுப்போட்டு வாரேன்” என்றார். பையன் செய்த குற்றம், பெயர் கூப்பிட்டபோது ‘உள்ளேன் ஐயா’ என்பதைக் கத்திச் சொன்னது.

பல்லடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போக வேண்டிய ஊர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஈராசிரியர் பள்ளி, அவர் ஒருவர், நான் ஒருத்தி. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே தறிக்குடோன். விசைத்தறிகள் ஓடும்போது நாம் பேசுவது நமக்கே கேட்காது. அந்தப் பிள்ளைகள் தறிச் சத்தத்தில் பிறந்து, அதிலேயே தூங்கி வளர்ந்தவர்கள். மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாது. “தண்ணி குடிக்கப் போகட்டுங்களா டீச்சர்?” என்று கேட்டாலே சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் மெல்லப் பேசுகிற வீட்டில் வளர்ந்த எனக்கு முதல் வாரம் முழுக்கத் தலைவலி. தலைமையாசிரியரோ அதைத் திமிர் என்றே எடுத்துக்கொண்டார். புளிய விளாரால் அடித்து அடித்துச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார். வாலிபால் ஆடுகிறவர் மாதிரி எம்பி அடிப்பார், பாவி மனுசன்.

நான்காம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வாயே திறக்க மாட்டாள். ஒன்றாம் வகுப்பில் கத்திப் படித்ததற்கு விழுந்த அடியோடு பேச்சை நிறுத்திவிட்டாள் என்று பக்கத்தில் உட்காரும் பிள்ளை சொன்னது. அவளுடைய அப்பா எதிர்க்குடோனில் தறி ஓட்டுகிறவர். “உங்க புள்ளைக்குப் படிப்பு ஏறாதுங்க” என்று தலைமையாசிரியர் அவரிடம் சொல்லியிருந்தார். முழுப் பரீட்சை முடிந்ததும் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தறிக்கு நூல் சுற்றும் வேலைக்கு அனுப்பிவிடுவதாக முடிவாகியிருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை! இவளை விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவுகட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆட்டம், பாட்டு, நாடகம், முகமூடி என்று வைத்துப் பாடம் நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாதிப் பேர் தூங்கினார்கள். நான் கொட்டக் கொட்ட விழித்திருந்து கற்றுக்கொண்டேன். திரும்பி வந்ததும் கோலமாவில் தரையில் மாவட்டப் படம் போட வைத்தேன். பழைய பேப்பரை மைதாப் பசையில் தோய்த்து, பலூன் மேல் ஒட்டிக் காயவைத்து முகமூடி செய்தோம்.

“இது பள்ளிக்கோடமா, கூத்துக் கொட்டாயிங்களா?” என்றார் தலைமையாசிரியர்.

“உங்க விளாரு சொல்லிக் குடுத்ததுக்கு இது ஜாஸ்தியாவே சொல்லிக் குடுக்குமுங்க சார்” என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போதும் வராது.

வாய்ப்பாட்டைத் தறி ஓடுகிற தாளத்துக்கு மேசையைத் தட்டிச் சொல்ல வைத்தேன். தடக்கு தடக்கு என்று வகுப்பே ஓடியது. மூன்றாம் வாய்ப்பாட்டில் அந்தப் பெண்ணின் விரல்கள் தட்ட ஆரம்பித்தன. ஏழாம் வாய்ப்பாட்டில் உதடு அசைந்தது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

பிறகு குடும்பம் பற்றிய பாடம் வந்தது. அப்பா வேலைக்குப் போகிறார், அம்மா சமைக்கிறார், எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். படிக்க வேண்டாம், நடித்துக் காட்டுங்கள் என்றேன். “அப்பாவா ஆரு நடிக்கறீங்க?”

அவள் கை தூக்கினாள். மீசை வரைந்த முகமூடியைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். முகம் மறைந்ததும் தொண்டை திறந்துகொண்டது. எதிரே ஓடுகிற தறிகளுக்கு மேலே கேட்க வேண்டும் என்று முழு மூச்சாகக் கத்தி ஆரம்பித்தாள். சரியாக அப்போது கரண்ட் போனது. தறிகள் மொத்தமாக நின்றன. தெருவே செத்த மாதிரி ஆனது. அவள் மட்டும் குரலைக் குறைக்கவில்லை. குறைக்க அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

“சோத்துல உப்பு எங்கடீ? எவனை நெனச்சுட்டு ஆக்குனே?” என்றாள். அம்மாவாக நின்ற பிள்ளையின் முடியைப் பிடித்துச் சுவரில் சாய்த்தாள். “நூலு அந்துபோச்சுன்னு மொதலாளி என்னை அறைஞ்சானே, அது இந்தா, நீயும் வாங்கு! இது நேத்து வாங்குனது, இந்தா!” அவள் உள்ளங்கை, முடியைப் பிடித்திருந்த தன் புறங்கையிலேயே பளார் பளார் என்று விழுந்தது.

குடோன் வாசலில் காற்றுக்காக வந்து நின்ற தறிக்காரர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தக் கும்பலில் அவளுடைய அப்பாவும் நின்றிருந்தார். சொன்னது யார், சொல்லப்பட்டது யாரை என்று ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அவர் செருப்புக் காலோடு வகுப்புக்குள் பாய்ந்தார். முகமூடியைப் பிய்த்து எறிந்து, சடையைப் பிடித்து இழுத்து, பிள்ளையின் முகத்தைக் கரும்பலகையில் மோதினார். “உடுங்க! புள்ளையை உடுங்க!” என்று கையைப் பிடித்தேன். ஒரே தள்ளு. பெஞ்சில் விழுந்து என் முழங்கை பிளந்தது. தலைமையாசிரியர் வாசலில் நின்று “ஏப்பா, ஏப்பா” என்றார். ஊரெல்லாம் அடிக்கத் தெரிந்த மனுசனுக்கு அப்போது காலே நகரவில்லை. மறுபடி ஒரு மோதல். அவள் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

மேசை மேல் விளார் கிடந்தது. எடுத்தேன். அந்த ஆளின் முன்கையில், தோளில், கழுத்தில், கை ஓயும்வரை விளாசினேன். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று ஊருக்கு உபதேசம் செய்தவள்தான் நான். அப்போது எதுவும் நினைவில் இல்லை. உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு அடிக்கும் மனசு குளிர்ந்தது. சடையை விட்டுவிட்டுப் பின்வாங்கினார்.

“பொம்பளை கையில அடி வாங்க வெச்சுப்போட்டீங்க” என்றார், மூச்சு வாங்க. “அவ இனிமேல் இங்க வரமாட்டாளுங்க.” அந்த ஆத்திரத்திலும் அவருக்கு ‘ங்க’ போட மறக்கவில்லை. கரண்ட் வந்தது. தறியைப் போடப் போய்விட்டார்.

பிள்ளைக்கு முகம் கழுவிவிட்டு, சாயங்காலம் வரை பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டேன். அவள் போன பிறகு தலைமையாசிரியர் விளாரை எடுத்து ஓரமாக வைத்தார். “அடிச்சாத்தான் வேலை நடக்குதுன்னு இப்பத் தெரியுதுங்களா?” என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

மறுநாள் காலையில் வாசலைப் பார்த்தபடியே பாடம் நடத்தினேன். அவள் வரவில்லை என்றால் அதோடு சரி, நூல் சுற்றப் போய்விடுவாள். மணி அடித்து வெகுநேரம் கழித்து வந்தாள். மூக்கு வீங்கியிருந்தது. தோளில் பை இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

“டீச்சர், நேத்து நடந்ததை நாடகம் போடலாமுங்க!” என்று பிள்ளைகள் குதித்தார்கள். பயந்ததை நடித்துப் பார்த்தால் பயம் தெளியும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சரி என்றேன். ஒரு பையன் அப்பா ஆனான். ஒரு வாயாடிப் பிள்ளை நான் ஆனாள். சார்ட் பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவனை ஓட ஓட அடித்தாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

“சரி கண்ணுகளா, முடிஞ்சுது, போய் உட்காருங்க.”

அவள் எழுந்து நின்றாள். “இன்னும் முடியலீங்க டீச்சர்.”

நசுங்கிக் கிடந்த முகமூடியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கதவைத் திறந்து வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நடந்தாள். இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவுகிற மாதிரி கையை இழுத்தாள். வெறுந்தரையைப் பார்த்து ஓங்கினாள். “இது அந்த டீச்சர் குடுத்தது. இந்தா, வாங்கிக்க. இதுவும் அவ குடுத்ததுதான். இந்தா.” பிறகு முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடித்த அதே இடத்தில் தானே விழுந்தாள். இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுருண்டாள். மறுபடி எழுந்தாள், மறுபடி முகமூடி, மறுபடி ஓங்கல், மறுபடி தரை. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

கடைசியில் முகமூடி இல்லாமல் தவழ்ந்து போய், தன் பையை எடுத்து, இல்லாத ஒரு பிள்ளையின் தோளில் மாட்டினாள். “நீ போ அம்மணி. அவன் தூங்கறப்பவே பள்ளிக்கோடத்துக்கு ஓடிப் போ. நான் பாத்துக்கறேன்.”

பிறகு அந்தப் பையைத் தானே மாட்டிக்கொண்டு, தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“நாளைக்கும் வருவயா கண்ணு?”

“எங்கம்மா தாங்குற வரைக்கும் வாரனுங்க டீச்சர்” என்றாள்.