பிளேடு போட்ட விளம்பரம்

பழைய செய்தித்தாள்களில் வந்த நாடக விளம்பரங்களைச் சேர்ப்பவன் நான். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை மதியம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுவேன். புத்தகமாக அச்சேறாமல் போன எத்தனையோ நாடகங்களுக்கு அந்த விளம்பரங்கள்தான் சாட்சி.

எங்கள் ஊரில் அரங்கேறிய ஒரு நாடகத்தை யார் எழுதியது என்பதில் எனக்கும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவருக்கும் தீராத வழக்கு இருந்தது. தன் அப்பா எழுதியது என்பார் அவர். ஆதாரம் கேட்பேன் நான். ஊர் நாடகங்களைப் பற்றி அவர் ஒரு புத்தகமும் எழுதிக்கொண்டிருந்தார்.

திருச்செந்தூரில் இடித்த லாட்ஜிலிருந்து கடைக்கு ஒரு பேப்பர் கட்டு வந்தது. அதில் அந்த நாடகத்தின் விளம்பரமே இருந்தது. கொட்டகை, நடிகர்கள், டிக்கெட் விவரம் எல்லாம் பார்த்தேன். 'இயற்றியவர்' என்பதற்குக் கீழே மட்டும் சதுரமாக ஓட்டை. தாளின் ஓரங்கள் நொறுங்கிக் கிடக்க, வெட்டு நேராக, புதிதாக இருந்தது.

எனக்கு முன்னால் யார் இந்தக் கட்டைப் பார்த்தது என்று கடை அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"வாத்தியார் வந்தாவ. மத்தியானம் பூரா பொரட்டிட்டுப் போனாவ."

எனக்கு அது போதுமாக இருந்தது. அங்கே இருந்த பெயர் அவர் அப்பாவுடையது இல்லை, அதனால் வெட்டியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். அவர் வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் மேஜைமேல் இருந்த ஃபைலை மூடினார். அதையும் கணக்கில் வைத்தேன். வெட்டினீர்களா என்று கேட்டதற்கு, அந்தத் தாளைத் தான் பார்க்கவேயில்லை என்றார். நான் நம்பவில்லை. இலக்கியக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் வைத்தேன். அதன்பிறகு அவர் கூட்டங்களுக்கு வரவில்லை.

சில மாதம் கழித்து அண்ணாச்சியின் தராசுக்கு மேலே ஒரு முருகன் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. பழைய செய்தித்தாள் படம். எங்கே கிடைத்தது என்று விசாரித்தேன்.

"அந்த லாட்ஜ் கட்டுலதான். சாமி படம் எடைக்குப் போயிரக் கூடாதுல்லா, நான்தான் பிளேடு வச்சி எடுத்தேன்."

கெஞ்சிக் கேட்டுப் படத்தைக் கழற்றினேன். பின்பக்க அட்டையை நீக்கியதும் தாளின் மறுபக்கத்தில், விளம்பரத்திலிருந்து போன இரண்டு வரி தெரிந்தது. வாத்தியாருடைய அப்பாவின் பெயர், ஊரோடு.

செல்போனில் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு செல்போனில் அந்த இரண்டு வரியை வெகுநேரம் பார்த்தார்.

"புத்தகம் போன மாசமே வந்துட்டு. நீங்க சொல்லிட்டுத் திரிஞ்சதைக் கேட்டு, அப்பாவைப் பத்தின பக்கத்தை நானே எடுத்துட்டேன்" என்றார்.

குரலில் கோபம் இல்லை. அந்தப் படத்தைத் தன் செல்போனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். உட்காரச் சொல்லவில்லை.