பாரன் தீவில் அள்ளிய சாம்பல்

1974 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை மாலை, போர்ட் பிளேயர் படகுத்துறையிலிருந்து அரசாங்க லாஞ்ச் ஒன்றில் பாரன் தீவுக்குப் புறப்பட்டோம். வடகிழக்கே ஏறத்தாழ எண்பத்தைந்து மைல். அந்தத் தீவில் குடியிருப்பு கிடையாது, கடை கிடையாது, நிழலுக்கு ஒதுங்க ஒரு கொட்டகை கிடையாது. நடுவில் ஓர் எரிமலை இருக்கிறது. நாங்கள் போன காலத்தில் அது உறங்கிக்கொண்டிருந்தது.

நான் கும்பகோணத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டவள் என் தங்கை வசந்தா. சென்னையில் ஒரு கல்லூரியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை ஆராய்கிறாள். பெண்ணைத் தனியாக அந்தமானுக்கு அனுப்பமாட்டேன் என்று அவளுடைய துறைத்தலைவர் சொல்லிவிட்டார். கல்யாணமாகாத தங்கைக்கு அண்ணன்தானே காவல்? சென்னையிலிருந்து கப்பலில் பங்க் வகுப்பு, அடுக்குப் படுக்கைதான், ஆளுக்கு எழுபது ரூபாய். நான்கு நாளில் நான் சாப்பிட்டதைவிட வாந்தியெடுத்ததே அதிகம்.

கப்பலில்தான் வசந்தா விஷயத்தை எனக்குப் புரியவைத்தாள். செவ்வாய்க் கிரகத்தில் உயிர் உண்டா என்று பார்க்க ஓர் இயந்திரத்தை அனுப்பப்போகிறார்கள். அது மண்ணை அள்ளும். அந்த மண்ணுக்குச் சத்துநீர் ஊட்டும். மண்ணில் கிருமி இருந்தால் தின்னும், தின்றால் காற்று விடும். அந்தக் காற்றைப் பிடித்துவிட்டால் உயிர் உண்டென்று அர்த்தம். அதே மண்ணில் இன்னொரு பங்கை முதலில் சுட்டுவிட்டு, அதற்கும் ஊட்டிப் பார்ப்பார்கள். சுட்டதும் காற்று விட்டால் அது உயிரின் வேலையல்ல, மண்ணின் சேட்டை.

"அதுக்கு நீ எதுக்கு எரிமலைக்குப் போகணும்?" என்றேன்.

"எல்லா மண்ணுக்கும் 'இருக்கு'ன்னு சொல்ற சோதனை எதுக்குண்ணா ஆகும்? ஒண்ணுமில்லாத இடத்துல அது 'இல்லை'ன்னு சொல்லணும். அந்த மாதிரி இடம் பூமியில கிடைக்கிறதுதான் கஷ்டம். கை வச்சாச் சுடுற சாம்பல் அங்க இருக்காம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது தீவு எதிரே நின்றது. கறுப்பு. அடுப்புக்கரி மூட்டையைக் கடலில் கவிழ்த்ததுபோல் ஒரு கறுப்பு. கரையோரமே ஆழம் என்பதால் லாஞ்ச் நங்கூரம் போட முடியாது. டுங்கி என்று அங்கே சொல்கிற சிறு படகில்தான் கரையேற வேண்டும். டுங்கி ஓட்ட வந்தவர் மிக்கேல். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்து போர்ட் பிளேயரில் குடியேறிய கத்தோலிக்க மீனவர். ஐம்பது வயதுக்குள் இருக்கும். கரை நெருங்கியபோதுதான் பேசினார்.

"ஐயா, அலை தூக்கும்போது எறங்காதீக. நான் சொல்லுதப்ப குதிங்க. அம்மா, நீங்களும்தான். இந்த டாப்பு பொல்லாதது." தீவைத்தான் டாப்பு என்கிறார்.

குதித்தோம். எரிமலைக் குழம்பு உறைந்த பாறை முனையெல்லாம் கண்ணாடிச் சில்லு. அதைத் தாண்டினால் சாம்பல் மேடு. இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். முழங்கால் தேய்ந்து, மூச்சு முட்டி, எல்லாச் சாமியையும் கூப்பிட்டு உச்சிக்குப் போனேன். அங்கே வெடிப்புகளின் ஓரம் கந்தகம் மஞ்சளாகப் படிந்திருந்தது, ஆவி வந்தது. வசந்தா வாயில் துணி கட்டிக்கொண்டாள். ஸ்பிரிட் விளக்கில் கரண்டியைச் சுட்டாள், சாம்பலை அள்ளி ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டாள், வாயைப் பஞ்சால் அடைத்தாள். ஜாடிக்குள் தன் மூச்சுகூடப் படக்கூடாதாம். என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னாள். மாமியார் வீட்டு மடிகூட இவ்வளவு இருக்காது.

கூடவே ஏறி வந்திருந்த மிக்கேல் ஜாடியை வாங்கி மார்போடு அணைத்து இறங்கினார். கடல் தணியக் காத்திருந்தபோது வசந்தாவும் நானும் அடிவாரப் பள்ளத்தைச் சுற்றி, கரையோரம் போக முடிந்த இடமெல்லாம் நடந்தோம். யாரோ எந்தக் காலத்திலோ விட்டுப்போன ஆடுகள் பெருகி அங்கே மேய்கின்றன. எங்களைப் பார்த்து மிரண்டு ஓடின. மிக்கேல் ஜாடியோடு டுங்கியில் உட்கார்ந்திருந்தார்.

போர்ட் பிளேயருக்குத் திரும்பி, அபர்தீன் கடைத்தெருவுக்குப் பின்னால் எடுத்திருந்த வாடகை அறையில் வசந்தா வேலையை ஆரம்பித்தாள். சாம்பலில் கொஞ்சம் எடுத்து, அதில் பாதியைச் சுட்டாள். சுட்டதையும் சுடாததையும் சத்துநீர்க் குழாய்களில் போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் காற்றைப் பிடிக்க ஒரு சின்னக் குழாயைக் கவிழ்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், சுட்ட சாம்பல் சும்மா கிடந்தது. சுடாத சாம்பல் எல்லாக் குழாயிலும் குமிழி விட்டிருந்தது!

எனக்குத் தலைகால் புரியவில்லை. கொதிக்கிற சாம்பலில் உயிர்! தங்கை பேர் பேப்பரில் வரப்போகிறது, வரன் தானாக வரும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். அவளோ முகம் வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். "எங்கயோ தப்பு நடந்திருக்கு. கண்டுபிடிக்காம நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள்.

அந்த நேரத்தில் மிக்கேல் எங்களுக்கு மீன் கொண்டுவந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். "பாத்தீங்களா, நீங்க தூக்கிவந்த சாம்பல்ல உயிர் இருக்கு" என்று குழாயைக் காட்டினேன். குமிழியை வெகுநேரம் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரம்மா, அதுல நான் தீர்த்தம் தெளிச்சேன்."

கோயில் வாசல் தொட்டியில் எடுத்த மந்திரித்த தண்ணீர். கடலுக்குப் போகும்போது சின்னக் குப்பியில் மடியிலேயே வைத்திருப்பாராம். டுங்கியில் உட்கார்ந்து, பஞ்சை எடுத்து, சாம்பலின்மேல் தெளித்து, சிலுவை போட்டு மூடியிருக்கிறார்.

"ஏன்?" என்றாள் வசந்தா. குரலில் கோபம்தான்.

"என் தம்பி சூசை அங்கதான் போனான். மூணு வருசம் ஆச்சு. ஆடு புடிக்கணும்னு சில பேர் போனாங்க, இவன்தான் டுங்கி ஓட்டினான். கரையில அலை கவுத்திட்டு. மத்தவுக ஏறிட்டாவ. இவன் ஏறல. லாஞ்சு தேடிட்டு வந்திட்டு. உடம்பு கிடைக்கல, அதனால அடக்கம் இல்ல. எங்கள்ல குழிக்குள்ள மண்ணு போட்டுத் தீர்த்தம் தெளிக்கணும்மா. அந்த டாப்பு மண்ணு கையில வந்ததும்... என்னால சும்மா இருக்க முடியல."

வசந்தா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். எத்தனை மாதம் எத்தனை மேசைகளில் மனுப் போட்டு வாங்கிய பயணம் அது! லாஞ்ச் இனி எப்போது போகுமோ தெரியாது. எங்கள் கப்பலுக்கு ஞாயிற்றுக்கிழமை டிக்கெட். எனக்கு அந்த மனிதரை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது.

"குமிழி உங்க தீர்த்தத்துல இருந்த கிருமி விட்டது, மிக்கேல். அந்தச் சாம்பல்ல என்ன இருந்துச்சுன்னு இனிமே எனக்குத் தெரிஞ்சுக்க வழியில்ல" என்றாள். பிறகு, "ஜாடியில மிச்சம் இருக்கு. எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலை கல்லறைத் தோட்டத்துக்கு எங்களையும் அழைத்தார். சிறிய குழி, புது மரச்சிலுவை, சாமியார், அண்டைவீட்டார் சிலர். சூசையின் மனைவி லூர்து மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டாள். முப்பதுக்குள் இருக்கும், கழுத்தில் தாலி கிடந்தது. இது வேண்டாம், அவர் வருவார் என்று காலையிலிருந்து சண்டையாம். சாமியார் செபம் தொடங்கப்போகையில் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். வந்தது குழியிடம் அல்ல, வசந்தாவிடம்.

"நீங்கதான அங்க உசிரு தேடிப் போனவுக?"

"ஆமாம்மா."

"ஆடு உசிரோட இருக்காமே. ஆடு பொழைக்கிற டாப்புல மனுசன் பொழைக்க மாட்டானா? எங்க ஆளுக அவசரத்துல பாத்துட்டு ஓடி வந்துட்டாவ. நீங்க படிச்சவுக. நீங்க பாத்தீகளா?"

எல்லாரும் வசந்தாவையே பார்த்தோம். 'நாங்க எல்லா இடமும் பாக்கலம்மா' என்று அவள் சொல்லியிருக்கலாம். பொய்யும் அல்ல. அப்படிச் சொல்லிவிடேன் என்று என் மனம் கெஞ்சியது.

"போக முடிஞ்ச கரை முழுக்க நடந்தேன்மா. ஆட்டுத் தடம் இருக்கு, புழுக்கை இருக்கு, அதுங்க கடிச்ச செடி இருக்கு. ஒரு மனுசர் மூணு வருசம் இருந்தா அடுப்புக் கரி இருக்கும், ஒதுங்க ஒரு மறைப்பு இருக்கும், கப்பலுக்குக் காட்ட ஒரு துணியாவது கட்டியிருப்பார். எதுவும் இல்ல. அவர் அங்க இல்லம்மா."

லூர்து அழவில்லை. மிக்கேலின் கையிலிருந்து ஜாடியை வாங்கினாள், குழியருகே மண்டியிட்டாள், கறுப்புச் சாம்பலைத் தானே கொட்டினாள். யாரையும் தொடவிடவில்லை.

எங்கள் ஊரில் அப்பாவின் சாம்பலைக் காவிரியில் கரைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தோம். அதற்கு ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. இவளுக்கு அதுவரை வந்து சேர மூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கப்பல் நகர்ந்தபோது வசந்தா மேல்தளத்தில் நின்றிருந்தாள். கல்லூரிக்கு என்ன எழுதித் தரப்போகிறாய் என்று கேட்டேன்.

"சாம்பலைப் பத்தி எனக்குத் தெரியலைன்னு எழுதுவேன்" என்றாள். அதற்குப் பிறகுதான், கல்லறையில் அழாத வசந்தா என் தோளில் சாய்ந்து அழுதாள்.