செர்ரி பார்க்கப் போன கார்

எழுபதுகளின் தொடக்கத்தில் பிரெஞ்சு பேசும் வெளிநாட்டு நகரம் ஒன்றில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் குடியிருந்தோம். என் கணவர் நகரத்துக்கு வெளியே சென்ட்-ஆன்-டெ-பெல்வ்யூவில் இருந்த விவசாயக் கல்லூரியில் மண்ணியல் கற்பித்தார். ரயிலில் போய் ரயிலில் வருவார். கார் தேவைப்படாத மனிதர். அப்படிப்பட்டவர் ஒரு மார்ச் மாலை, ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல், "இந்த வருஷம் செர்ரிப் பூ பார்க்கப் போறோம்" என்றார்.

அவருடன் வேலை பார்த்த ஒருவரின் மாமனாருக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மலையடிவாரத்தில் பழத்தோட்டம் இருந்தது. பெரும்பாலும் ஆப்பிள். வெயில் விழும் சரிவில் மட்டும் செர்ரி மரங்கள். மே மாதம், ஆப்பிளுக்கு முன்பே பூத்துவிடும். பூத்தால் ஒரு வாரம் நிற்பதே அதிசயம்; நடுவில் மழை பெய்தால் எல்லாம் தரையில். பூத்த உடனே ஃபோன் செய்வதாகத் தோட்டக்காரர் சொல்லியிருந்தார். அங்கே பஸ் போகாது.

ஊர் மாறிப் போன ஒருவரிடமிருந்து, வெளிர் பச்சை நிறத்தில் ஒரு பழைய காரை அதற்காகவே வாங்கினார். பக்கத்துக் கட்டடத்தில் இருந்த மதுரை டாக்டரும் அவர் மனைவியும் எங்களோடு வருவதாக முடிவாயிற்று. யார் புளியோதரை, யார் தயிர்சாதம், ஃபிளாஸ்கில் காபியா டீயா என்பதெல்லாம் ஏப்ரலிலேயே பேசியாகிவிட்டது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் என் கணவர் மேஜைமேல் வரைபடத்தை விரிப்பார். சிவப்புப் பென்சிலால் வழி போடுவார், அழிப்பார், மறுபடி போடுவார். வீட்டிலிருந்து நேராகப் போனால் பெரிய பாலம் வரும். அவர் போட்ட வழி மட்டும் எப்போதும் கிழக்கே சுற்றி, ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதைக்கே போனது.

"பாலத்து மேல போனா சீக்கிரம் போயிடலாமே?" என்று கேட்டேன்.

"சுரங்கம் புதுசு. ரோடு நல்லா இருக்கும்" என்றார். எனக்கும் அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

மிச்சமிருந்தது லைசென்ஸ் மட்டும்தான். "அவசரத்துக்கு ஆகும், நீயும் கத்துக்கோ" என்று என்னையும் வகுப்பில் சேர்த்துவிட்டார். எங்களுக்குக் கற்றுத்தந்தவர் ஒரு வயதான பிரெஞ்சுக்காரர். ஆங்கிலம் ஓரளவு பேசுவார். பயந்துவிட்டால் அது மறந்துபோகும். என் கணவர் ஓட்டும்போது முழுக்கப் பிரெஞ்சுதான். நான் பின்சீட்டில் உட்கார்ந்து அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் குளிரிலும் காலர் நனைந்திருக்கும்.

முதல் தேர்வில் ஃபெயில். இரண்டாவதிலும் ஃபெயில். டாக்டரிடம், "அந்த ஆபீசர் ரொம்ப கறார்" என்றார். டாக்டரும் "ஆமா சார், அவங்க அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமல் சிரித்தார்.

அவருக்கு மூன்றாவது தேர்வும் எனக்கு முதல் தேர்வும் ஒரே காலையில் வந்தன. அதற்கு முந்தைய நாள்தான் தோட்டக்காரரின் ஃபோன் வந்தது. பூத்துவிட்டது, இந்த ஞாயிறு வாருங்கள், அடுத்த ஞாயிறு என்றால் வர வேண்டாம்.

தேர்வு அலுவலகத்தில் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஓட்டிவிட்டு வந்தேன். ஆபீசர் ஏதோ எழுதி, முத்திரை குத்தி, "மெர்சி, மதாம்" என்று நன்றி சொல்லித் தாளை நீட்டினார். பாஸ். சந்தோஷப்படத் தோன்றவில்லை. தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அவரும் பாஸாகிவிட்டால் எந்தச் சங்கடமும் இல்லை என்று, எனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன்.

திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"போச்சு" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ?"

"பாஸ்" என்றேன். கைப்பையைப் பார்த்தபடி, வாய்க்குள்ளேயே.

"என்ன சொன்ன?"

"பாஸ் பண்ணிட்டேங்க."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அப்பாடா" என்றார். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவ்வளவு சத்தமாக.

"கோவமில்லையா?"

"கோவமா? ஸ்டியரிங்கைத் தொட்டாலே எனக்கு கை நடுங்குது. அந்தப் பாலத்தை நெனச்சா தூக்கம் வரல. கார் வாங்கினப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன். நீ ஓட்டு, தாயே. நான் வழி சொல்றேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டு மாதமாக ஒரே வீட்டில் ஓட்ட வேண்டுமே என்ற பயத்தை அவரும், அவரை மிஞ்சிவிடுவேனோ என்ற பயத்தை நானும் தனித்தனியே சுமந்துகொண்டிருந்திருக்கிறோம்.

ஞாயிறு காலை டாக்டர் தம்பதி சாப்பாட்டுக் கூடையோடு வாசலில் நின்றார்கள். நான் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவதைப் பார்த்து டாக்டர் வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்கு முன்பே என் கணவர் முந்திக்கொண்டார்: "நான் ஃபெயில், அவ பாஸ். ஏறுங்க, பூ காத்துக்கிட்டிருக்காது." டாக்டரின் மனைவி கணவரைப் பின்சீட்டில் தள்ளிவிட்டு, எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் தோளை ஒருமுறை அழுத்தினாள்.

பாலத்து வழியாகவே போனோம். என் கணவர் வரைபடத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பாலம் முடியும்வரை இறக்கவில்லை.

தோட்டத்தில் மரங்கள் நான் நினைத்ததைவிடக் குட்டையாக இருந்தன. ஆனால் கிளையே தெரியாதபடி வெள்ளை. பின்னால் மலை இன்னும் பாதி இலை விடாமல் மொட்டையாகத்தான் நின்றது. தேனீக்களின் சத்தம் மோட்டார் ஓடுவதுபோல ஒரே சீராகக் கேட்டது. டாக்டர் புகைப்படம் எடுத்துத் தள்ளினார். என் கணவர் குனிந்து மண்ணை ஒரு பிடி அள்ளித் தோட்டக்காரரிடம் ஏதோ விளக்க ஆரம்பித்துவிட்டார். நான் ஒரு மரத்தடியில் செருப்பைக் கழற்றி, ஈரப் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்தேன். காலையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியில் விரல்கள் விறைத்திருந்தன. ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது தூறல் ஆரம்பித்தது. "நல்லவேளை, இன்னிக்கே வந்தோம்" என்று டாக்டரின் மனைவி சொன்னாள். வைப்பரைப் போடுவதற்குச் சுவிட்ச் எங்கே என்று கேட்க என் கணவர் பக்கம் திரும்பினேன். வாயை லேசாகத் திறந்துகொண்டு, ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.