'எச்' தீர்மானமும் டார்லீனின் வீடும்

டார்லீன் வுகோவிச் முப்பது வருடம் லோமா செக்கா என்ற மலையூரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். மலைப்பாதையில் எதிரே வரும் லாரிக்கே வழிவிடாதவள் மனிதர்களுக்கா விடுவாள்? பத்தொன்பது வருடத்துக்கு முன் மலைச்சரிவில் பெரிய மாளிகைகள் முளைக்கத் தொடங்கியபோது, சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்று போவோர் வருவோரை எல்லாம் மடக்கி, அதைத் தடுக்கக் கையெழுத்து வாங்கினாள். அப்படி வந்ததுதான் ஊரார் ஓட்டுப்போட்டு நிறைவேற்றிய 'எச்' தீர்மானம்: மலைச்சரிவில் எண்ணூறு அடி உயரத்துக்கு மேலே உள்ள நிலத்தில் எந்தக் கட்டடமும் எழுப்பக்கூடாது.

போன ஆகஸ்டில் மலை பற்றி எரிந்தது. தொள்ளாயிரம் அடி உயரத்தில் இருந்த டார்லீனின் வீடு கரியாகிப் போனது. திரும்பக் கட்ட அனுமதி கேட்டால், அவள் கொண்டுவந்த தீர்மானத்தையே எடுத்து அவளிடம் நீட்டினார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? தங்கை வீட்டு கராஜில் கட்டில் போட்டுக்கொண்டு ஊரையே திட்டினாள்.

நகராட்சி வழக்கறிஞர் ஒக்கமோட்டோ பொறுமையான பெண்.

"ஜனங்க ஓட்டுப் போட்ட சட்டம், கவுன்சில் கை வைக்க முடியாது. ஆனா எரிஞ்ச வீட்டப் பத்தி அதுல ஒண்ணுமே சொல்லல. ஓட்டுக்கு முன்னாடி வீடு வீடா ஒரு கையேடு அனுப்புவாங்கல்ல? அதுல ஜனங்களுக்கு என்ன சொன்னாங்கன்னுதான் கோர்ட்டும் பாக்கும். அது கெடைக்குமா?"

எதிர்ப்பாளர்களுக்கான பதிலை அந்தக் கையேட்டில் எழுதியவளே டார்லீன்தான். என்ன எழுதினோம் என்றுதான் நினைவில்லை. அவளுடைய பிரதி வீட்டோடு போய்விட்டது. மாவட்ட அலுவலகத்திலோ பழையதை எல்லாம் எப்போதோ கழித்துவிட்டார்கள்.

டார்லீனின் வீட்டு விஷயம் வந்த கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். முதல் ஆளாக எழுந்தவர் குழாய் வேலை செய்யும் மெர்ல் டாலிவர். அன்று அதே கையேட்டில் தீர்மானத்தை எதிர்த்து எழுதியவர். அதன்பின் இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. குத்திக்காட்டத்தான் வருகிறான் என்று டார்லீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெர்ல் சட்டைப்பையிலிருந்து ஒரு பழுப்பேறிய கையேட்டை எடுத்தார். "நான் எழுதினது இது: 'உங்க வீடு எரிஞ்சா திரும்பக் கட்ட விடமாட்டாங்க.' அதுக்கு இந்தம்மா எழுதின பதிலக் கேளுங்க: 'டாலிவர் பூச்சாண்டி காட்டுகிறார். இருக்கும் வீடு எரிந்தாலும் இடிந்தாலும் அதே இடத்தில் கட்டிக்கொள்ளலாம். ஒருவருக்கும் தடையில்லை.'"

ஒக்கமோட்டோ அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். "இத நம்பித்தான் ஜனங்க ஓட்டுப் போட்டிருக்காங்க. பழைய அளவுலயே கட்டிக்கலாம். நான் எழுத்துல தர்றேன்."

டார்லீனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. எட்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. வாசலில் மெர்லைப் பிடித்தாள்.

"இத எதுக்குய்யா இத்தன வருஷம் வெச்சிருந்த?"

"என்னிக்காவது உன் மூஞ்சில விட்டெறியலாம்னுதான். உன் வீடு எரிஞ்சப்ப, நான் சொன்னதுதான் நடக்கப்போகுதுன்னு எடுத்துப் பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நான் சொன்னது தப்புன்னு ஊர் முன்னாடி நானே நிரூபிச்சுட்டேன். போதுமா?"

பத்தொன்பது வருடம் இந்த மனிதனிடம் பேசாமல் இருந்துவிட்டோமே என்று டார்லீனுக்கு வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதாள்.